பார்க்கே கதி

லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மா இந்த வருஷம் எப்படிக் காய்த்திருக்கிறது?

எப்போது போன் செய்தாலும் எனக்குப் பின்னால் மரமும் புல்லும்தான் தெரிகிறதாம், பையன் காலேஜுக்குப் போகிறானா இல்லையா என்று பெரியப்பா கேட்டாராமே. நம் ஊரில் பார்க்கில் உட்கார்ந்திருக்கிற பையன் என்றால் இரண்டே வகை. ஒன்று வேலை கிடைக்காதவன், இல்லாவிட்டால் காதலிக்கிறவன். இங்கே மூன்றாவதாக ஒரு வகை உண்டு: ரூமில் கால் நீட்ட இடமில்லாதவன். நான் அந்த வகை. கட்டிலைப் போட்டபின் என் ரூமில் மிச்சமிருப்பது கதவு திறக்கிற இடம் மட்டும்தான். வெளியே எங்கேயாவது போய் உட்காரலாம் என்றால் ஒரு காபியாவது வாங்கியாக வேண்டும். அதன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் காபி தொண்டையில் இறங்காது. காசு கேட்காமல் உட்கார விடுகிற இடம் பார்க்தான். அதுவும் சாதாரண பார்க் இல்லை, ராஜா வீட்டு பார்க்.

ஹைட் பார்க்கையே எடுத்துக்கொள். 350 ஏக்கர். நம் நிலம் இரண்டரை ஏக்கர். 1536ல் எட்டாம் ஹென்றி ராஜா மான் வேட்டையாட வளைத்துப் போட்ட இடம். நட்ட நடு ஊரில் இவ்வளவு மண்ணைச் சும்மா போட்டிருக்கிறார்கள், ஒரு பிடி கேழ்வரகு விதைக்கவில்லை. அப்பா பார்த்தால், போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி வரும் என்றுதான் முதலில் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் ஒரு மூலையில் யார் வேண்டுமானாலும் ஏறி நின்று பேசலாம். ஒருவர் சின்ன ஏணியில் நின்று உலகம் அழியப் போகிறது என்கிறார். பக்கத்து ஏணிக்காரர் அழியாது என்கிறார். கேட்க வந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலமும் இல்லை, வேன் வாடகையும் இல்லை. இருந்தும் கூட்டம் கலைவதில்லை. ஒரு எச்சரிக்கை: வெயில் காலத்தில் புல்வெளியில் அழகழகாய்த் துணி நாற்காலி விரித்து வைத்திருப்பார்கள். நம்பி உட்கார்ந்தால் வாடகை.

பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே செயின்ட் ஜேம்ஸ் பார்க். அங்கே கூழைக்கடாக்கள் குடியிருக்கின்றன. 1664ல் ரஷ்யத் தூதர் ராஜாவுக்குக் கொடுத்த அன்பளிப்பில் தொடங்கிய வழக்கம் இது. தினமும் மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் ஆள் வந்து மீன் போடுகிறார். எனக்கு அந்த நேரத்தில் ரொட்டி. போடுகிற மீன் போதாமல் 2006ல் ஒரு கூழைக்கடா பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த புறாவை முழுசாக விழுங்கிப் பேப்பரில் செய்தியாகிவிட்டது. அரண்மனைச் சாப்பாடு என்றாலும் வாய் ருசி விடுமா?

ப்ரிம்ரோஸ் ஹில் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 63 மீட்டர். ஏறி முடித்தவர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கி, வெற்றிச் சிரிப்போடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்து வத்தல்மலைக்காரர்கள் காதில் இதைப் போட்டுவிடாதே. ஆனால் மேலே நின்றால் லண்டன் முழுக்கத் தெரியும், டிக்கெட் கிடையாது.

ரிச்மண்ட் பார்க் கொஞ்சம் தூரம். பஸ்ஸில் போய் ஒரு பகல் முழுக்கக் கிடக்கலாம். 1637ல் முதலாம் சார்லஸ் ராஜா மான் வளர்க்க மதில் கட்டி அடைத்துவிட்டார். அவருக்கு நூறு வருஷம் கழித்து வந்த அரச குடும்பத்துப் பெண் ஒருவர் ஜனங்களை உள்ளேயே விடவில்லை. ஜான் லூயிஸ் என்ற பீர் காய்ச்சுகிறவர் கோர்ட்டுக்குப் போய், 1758ல் நடைபாதை உரிமையை வாங்கித் தந்தார். இன்று நான் அறுநூறுக்கும் மேற்பட்ட மான்களோடு காற்று வாங்குகிறேன் என்றால் அந்த மனுஷன் புண்ணியம். வண்டிப்பாதைக்காக நீங்கள் தாலுகா ஆபீசுக்கு நடந்த கதையை நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இனிமேல்தான். பரீட்சை நேரத்தில் நான் படிப்பது கார்டன் ஸ்கொயர் என்கிற குட்டிப் பூங்காவில். நாலு பக்கமும் யூனிவர்சிட்டிக் கட்டடங்கள். அடுத்த டாவிஸ்டாக் ஸ்கொயரில் 1968 முதல் காந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரும் சட்டம் படிக்க இந்த ஊருக்கு வந்த பையன்தானே. கார்டன் ஸ்கொயரில் நூர் இனாயத் கான் என்ற பெண்ணுக்கு மார்பளவுச் சிலை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சுக்குள் ஒயர்லெஸ் பெட்டியோடு ரகசியமாகப் போய், பிடிபட்டு, 1944ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். திப்பு சுல்தானின் வம்சம்!

பாராமகால் என்று அப்போது பெயர்பெற்ற நம் தர்மபுரிப் பக்கத்தை 1792ல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த அதே திப்பு. அப்போது நிலவரி போட வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோ ஊர்க்காரர். 1799 வரை நம் பக்கம் இருந்தார். தர்மபுரியில் தோட்டம் போட்டு, அதன் அருமையை வீட்டுக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா, பையன் வேலை பார்க்கிறானா தோட்டத்திலேயே கிடக்கிறானா என்று கேட்டிருப்பார். மன்றோ பிறகு மெட்ராஸ் கவர்னரானார். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை, பாஸ் ஆனால் போதும்.

செப்டம்பரில் சித்தி மகன் இங்கே வருகிறானாம். புளி, கேழ்வரகு மாவு, எள்ளுப்பொடி எல்லாம் கொடுத்தனுப்பு. கூடவே ஒரு பாய். கோரைப்பாய் வேண்டாம், இங்கே புல் எந்நேரமும் ஈரம், இரண்டே நாளில் ஊறிப்போகும். சந்தையில் விற்கிற பிளாஸ்டிக் பாய் போதும். இரண்டு பேர் உட்காருகிற அளவாகப் பார்த்து வாங்கு. யார் அந்த இரண்டாவது ஆள் என்று சந்தேகப்படாதே, சித்தி மகன்தான்.

இப்படிக்கு,
உன் அன்பு மகன்