புரியாமலே பொறியாளர் ஆவது எப்படி? (கண்ணமங்கலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்)

கண்ணமங்கலத்தில் பஸ் பிடித்து ஆரணிக்கோ வேலூருக்கோ பொறியியல் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக இந்த வழிகாட்டி. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சை மட்டும்தான் கவலை. உங்களில் பலருக்கு வீட்டிலேயே தறி இருக்கிறது. கொஞ்சம் அசந்தால் பாடம் புரிந்து தொலைத்துவிடும். அதிலிருந்து தப்பிக்கும் வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், புத்தகம் வாங்காதீர்கள். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் விடையோடு சேர்த்தே டூ மார்க் கேள்விக் கட்டு கிடைக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் 'அல்காரிதம் என்றால் என்ன?' என்ற கேள்வியை எடுங்கள். இறங்குவதற்குள் விடை உதட்டில் ஏறிவிட வேண்டும். அர்த்தம் மட்டும் கேட்காதீர்கள். அர்த்தம் தெரிந்தவன் சொந்தமாக வாக்கியம் எழுதுவான். திருத்துகிறவரோ ஒரு கட்டுத் தாளை மாலைக்குள் முடிக்க வேண்டியவர். அவர் கண் அடிக்கோடு போட்ட சொல்லைத்தான் தேடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறையில் பெரிய கேள்விக்கு 16 மார்க். 2017-இல் அது 13 ஆனது. மார்க்தான் குறைந்தது, பக்கத்தை நீங்கள் குறைத்துவிடாதீர்கள்.

ரெக்கார்டு நோட்டுக்கும் வழி உண்டு. ஓம் விதிச் சோதனையில் மின்தடை எவ்வளவு வர வேண்டும் என்று சீனியர் நோட்டில் பாருங்கள். அந்த விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்து மின்னோட்ட ரீடிங்குகளை எழுதுங்கள். கோடு ரொம்ப நேராக வந்தால் சந்தேகம் வரும்; இரண்டு புள்ளிகளைச் சற்றே தள்ளி வையுங்கள். (இந்தத் திருட்டை ஒழுங்காகச் செய்யவே ஓம் விதி தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு சங்கடம். எதற்கு வம்பு, தள்ளி வைத்த புள்ளிகளையும் சீனியரிடமே வாங்கிவிடுங்கள்.)

சாயப் பட்டறைப் பக்கம் தலைவைக்க வேண்டாம். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் செரிசின் என்னும் புரதப் பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் புரத வேதியியல் மறக்காது.

இனி தறி. வீடு திரும்பியதும் தறிக்கு மேலே நிமிர்ந்து பார்க்கவே பார்க்காதீர்கள். அங்கே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். அப்பா மிதியை அழுத்தும்போதெல்லாம் ஓர் அட்டை வந்து ஊசி வரிசையில் மோதும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதனுடைய கொக்கி நேராக நின்று, மேலே ஏறும் இரும்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும். கொக்கி சாய்ந்து பட்டைக்குத் தப்பிவிடும். இழை கீழேயே கிடக்கும். நடுவில் நாடா பாயும். அட்டைக்கு ஓர் ஊடை. இதைப் பார்த்துக்கொண்டே நின்றால், ஓட்டை என்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம் என்று புத்தி தானாக ஓட ஆரம்பிக்கும். 240 கொக்கிப் பெட்டி என்றால் ஓர் அட்டையில் 240 பிட், அதாவது 30 பைட் என்று கணக்குக்கூட வந்து நிற்கும். உடனே கண்ணை மூடி, 'எட்டு பிட் ஒரு பைட்' என்று பத்து தடவை ஒப்பியுங்கள். கணக்கு கலைந்துவிடும்.

அதற்கும் கலையாவிட்டால் ஆபத்து முற்றிவிட்டது. புட்டா முடிந்ததும் சங்கிலி சுற்றி முதல் அட்டைக்கே வருகிறதே, அதுதான் லூப் என்று தோன்றும். ஒரே கொக்கியில் பல இழைகளைக் கட்டிவிட்டால் ஒரு மாங்காய் அகலம் முழுக்க வரிசையாக விழுகிறதே, ஃபங்ஷன் என்று வாத்தியார் சொன்னது இதைத்தானா என்று தோன்றும். 1804 வாக்கில் பிரான்சின் லியோனில் ஜோசப் மரீ ஜக்கார்டு செய்த ஏற்பாடு இது. 1839-இல் அவருடைய உருவத்தையே 24,000 அட்டை வைத்துப் பட்டில் நெய்தார்கள். அந்தப் பட்டுப் படங்களில் ஒன்றை வாங்கி வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு எந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்துக்கொண்டது தறியிலிருந்துதான். 1890-இல் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஓட்டை அட்டையில் எண்ணினார். இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு எதற்கு? 1804, 1890 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன் வேர்டுக்கு ஆகும்.

தறியைவிட மோசம், அப்பாவிடம் பேச்சுக் கொடுப்பது. புடவையில் மயிலுக்கு மூக்கு உடைந்து விழுகிறது என்று வையுங்கள். "எல்லா மயில்லயும் அதே புள்ளியில உடைஞ்சா அட்டையில ஓட்டை விட்டுப்போச்சுடா. எல்லா மயில்லயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு விழுந்தா கொக்கியப் பாரு. மேலேர்ந்து கீழ ஒரே ஒரு மயில் வரிசையில மட்டும் கோடுன்னா, அந்த இழை அறுந்திருக்கும்" என்பார். டீபக்கிங் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நீங்கள் பெயரை வைத்து மூன்று பக்கம் எழுதியவர்கள். அவருக்கும் மனப்பாடம் நிறைய உண்டு, இழைக் கணக்கு விரல் நுனியில் நிற்கும். அது தப்பே இல்லை. ஆனால் கோளாறு வந்த அன்றைக்கு அவர் நினைவைத் துழாவுவதில்லை, எந்த ஓட்டை எந்த இழையைத் தூக்குகிறது என்று பின்தொடர்ந்து போகிறார். இது தொற்றும். தள்ளியே இருங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கண்டம் உண்டு. எதிரே இருப்பவர் உங்கள் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ஆரணிப் பக்கமா? ஜக்கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டுவிடலாம். "அது சிலபஸ்ல இல்ல சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

ஒருவேளை வேலை கிடைக்காமல் ஊருக்கே திரும்பித் தறியில் உட்கார நினைத்தால், இந்த வழிகாட்டியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மூக்கில்லாத மயிலுக்கு ஸ்டெப் மார்க் போட்டுப் புடவையை எடுத்துக்கொள்ளும் முதலாளி ஆரணி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.