கப்பற்கவலை இயல்

குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போகும்போது வாந்தி, வயிற்றுப்போக்கு வைரஸ் தொற்றிக்கொள்ளுமோ என்று எழும் அச்சம் கப்பற்கவலை எனப்படும். நோய் வந்தபின் எழுவது கவலை அன்று. அதற்கு நேரம் இருக்காது. ஆகவே இவ்வியல் நோயாளரை விலக்கி, நோய் வராதவரை மட்டுமே ஆராயும். ஏனைத் திணைகளைப் போலவே இதற்கும் முதல், கரு, உரி என மூன்று பொருள்கள் உண்டு.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருளாகும். நிலம், மியாமியில் புறப்பட்டு நாசாவ், கோசுமெல் என்று கரீபியன் பக்கம் சுற்றிவரும் கப்பல். சில ஆயிரம் பேர் ஒரே மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றி, ஒரே லிஃப்ட் பொத்தானை அழுத்தி, ஒரே இடுக்கியால் ரொட்டி எடுக்கும் இடம் இது.

பெரும்பொழுது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அமெரிக்காவில் நோரோவைரஸ் மிகுதியாகப் பரவும் மாதங்கள் இவை. பனிக்கு அஞ்சிய குடும்பங்கள் கப்பல் ஏறும் மாதங்களும் இவையே.

சிறுபொழுது இரண்டு. ஒன்று, காலைச் சாப்பாட்டு வேளை. மற்றொன்று, யாமம். கப்பல் மெல்ல அசைய, வயிற்றில் ஏதோ புரள, புரள்வது அலையா, இரவு தின்ற இறாலா, வைரஸா என்று பிரித்தறிய முடியாத வேளை அது.

கருப்பொருள்

தெய்வம்: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம். 1970களில் தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் ஏறி, சமையலறை முதல் நீச்சல் குளம் வரை சோதித்து, 100க்கு மதிப்பெண் இடும். 86 தேர்ச்சி, 85 தோல்வி. பயணச்சீட்டு வாங்குமுன் இப்பட்டியலைப் படிப்போர், 97 எடுத்த கப்பலிலும் மீதி மூன்று எங்கே போயிற்று என்று கேட்பர்.

விலங்கு: நோரோவைரஸ். வைரஸ் உயிரா இல்லையா என்ற வழக்கு தீராமையால் இவ்விடம் தற்காலிகமானது. 1968இல் ஒஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில், ஒரு பள்ளியில் பரவிய நோயின் மாதிரிகளில் இருந்து 1972இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறியப்பட்டது. ஒஹையோவுக்குக் கடல் கிடையாது. நூற்றுக்கும் குறைவான துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். உடலில் புகுந்த 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும். பெரும்பாலோரிடம் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும்.

பறை: சில கப்பல்களில் பஃபே வாசலில் ஊழியர் கிருமிநாசினிப் புட்டியுடன் நின்று பாடும் "வாஷி வாஷி". ஆல்கஹால் ஜெல்லின் வீரம் நோரோவைரஸிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே பலிக்கும். ஆயினும் சோப்புக்குப் பாட்டு இல்லை.

உணவு: பஃபே. நோய் பரவுவதாக ஐயம் எழுந்தால் பயணிகள் தாமே எடுத்துக்கொள்வது நிறுத்தப்படும், ஊழியரே பரிமாறுவர். இதைக் கண்டு ஆறுதல் அடைவோர் ஒரு சாரார். திடீரென்று ஏன் பரிமாறுகிறார்கள் என்று பசி இழப்போர் மறு சாரார்.

தொழில்: துடைத்தல். அறைக்குள் நுழைந்த தாய், பெட்டியைத் திறக்குமுன் ஈரத்தாள் பாக்கெட்டைத் திறப்பாள். கதவுப்பிடி, சுவிட்ச், தொலைபேசி, குழாய் என்பது துடைக்கும் வரிசை. டிவி ரிமோட் துடைத்த பின்னும் நம்பத்தக்கதன்று. ஆகையால் அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, பைக்கு மேலாகவே பொத்தானை அழுத்துவர். ஈரத்தாள்கள் பலவற்றில் இந்த வைரஸைக் கொல்லும் குளோரின் இருப்பதில்லை. இவ்வளவும் நடக்கையில் இளைய பிள்ளை பால்கனிக் கம்பியை நக்கிக்கொண்டிருக்கும்.

கூற்று

கூற்று நிகழ்த்துவோர் நால்வர்.

தாய் கூற்று: "எதையும் தொடாதே." அடுத்த நொடியே, "கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு."

தந்தை கூற்று: "அதெல்லாம் ஒன்றும் ஆகாது." இது லிஃப்ட் பொத்தானை விரல்முட்டியால் அழுத்தியவாறே கூறப்படும். கப்பல் ஏறுமுன் தரும் படிவத்தில், அண்மையில் வாந்தி உண்டா என்ற வினாவுக்கு விடை எழுதுவோரும் தந்தையே. துறைமுகத்துக்கு வரும் வழியில் காரில் எடுத்த வாந்தி, சாலையைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

பாட்டி கூற்று: "சூடாக இருப்பதை மட்டும் சாப்பிடு."

பிள்ளை கூற்று: "வயிறு ஒரு மாதிரி இருக்கு." இது கேட்டதும் மற்ற மூவரும் எழுந்து நிற்பர். விசாரணையில், கணக்கில் வராத ஐஸ்கிரீம்கள் வெளிப்படுதல் மரபு.

உரிப்பொருள்

நெய்தலுக்கு உரியது இரங்கல். கப்பற்கவலைக்கு உரியது கணக்கு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய பயணிகள் கப்பல்கள், வயிற்றுக் கோளாறோடு மருத்துவரிடம் வருவோரை எண்ணிச் சொல்லக் கடமைப்பட்டவை. பயணிகளிலோ ஊழியரிலோ 100க்கு மூன்று பேர் என்ற அளவை எட்டினால் கப்பலின் பெயர் ஊரறிய வெளியிடப்படும். 2014 ஜனவரியில் எக்ஸ்ப்ளோரர் ஆஃப் த சீஸ் கப்பலில் அறுநூறு பேருக்கு மேல் நோயுற, அது இரண்டு நாள் முன்னதாகவே நியூ ஜெர்சிக்குத் திரும்பியது. உலகமெங்கும் அது செய்தி ஆயிற்று.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருக்கு நோரோவைரஸ் வருகிறது. பதிவாகும் பரவல்களில் கப்பலில் நிகழ்பவை 100க்கு ஒன்றே. மருத்துவமனை, முதியோர் இல்லம், உணவகம், பள்ளி ஆகியவை மற்றவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆயினும் உணவகத்துக்குப் போகும் குடும்பம் ஈரத்தாள் கொண்டுபோவதில்லை. எனவே கவலை பிறப்பது நோய் மிகுந்த இடத்தில் அன்று, எண்ணி எழுதும் இடத்தில் என்பது முடிபு.

புறனடை

கப்பலை விட்டு இறங்கியதும் கவலை தீராது. வைரஸ் வெளிப்பட 48 மணி நேரம் வரை ஆகும் என்பதால், வீடு சேர்ந்த மறுநாளும் இவ்வியலின் எல்லைக்குள் அடங்கும். அதன்பின் எழும் வயிற்றுவலி கப்பலுக்கு உரியதன்று. பிள்ளைகள் திரும்பிப் போன பள்ளிக்கு உரியது. அங்கே எண்ணிச் சொல்வார் இன்மையால் அதற்கு இயல் வகுக்கப்படவில்லை.