ஒலிப்பெட்டி முன் நிற்றல்: காட்கோபர் தோசைக்கடைகளை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

மும்பை காட்கோபர் கிழக்கில் வல்லப் பாக் லேன் என்றொரு தெரு உண்டு. ஊராருக்கு அது காவூ கல்லி, அதாவது தீனித் தெரு. தமிழன் கனவிலும் காணாத தோசைகள் அங்கே விளைகின்றன: சீஸ் வழியும் ஜினி தோசை, ஐஸ்கிரீம் தோசை, குஜராத்திகள் நிறைந்த பகுதி ஆதலால் வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் இல்லாத ஜைன தோசை. இவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர், எழுதாதவர்கள் தின்றுவிட்டனர். ஆனால் காசை அனுப்பிய பின், அது வந்துவிட்டதென்று ஒலிப்பெட்டி அறிவிக்கும் முன், வாடிக்கையாளர் போனை ஏந்தியபடி அசையாமல் நிற்கிறாரே, அந்தச் சில நொடிகளை ஆராய்வார் இல்லை. அக்குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் திணை. சிறுபொழுது மாலை, உரிப்பொருள் காத்திருத்தல், எனவே முல்லை என்பது வெளிப்படை. மெட்ரோவில் ஜாக்ருதி நகரைத் தாண்டியதும் அசல்பா குன்று தெரிவதால் குறிஞ்சியே எனக் கொள்வாரும் உளராகலாம். குறிஞ்சிக்கு உரியது கூடல். பணம் இன்னும் கடைக்காரரின் கணக்கைக் கூடவில்லை என்பதால் அது பொருந்தாது. கருப்பொருளில் ஐயமில்லை: உணவு தோசை, தொழில் ஸ்கேன் செய்தல், பறை ஒலிப்பெட்டி, தெய்வம் நெட்வொர்க்.

வரலாறு சுருக்கமானது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரல் 11 அன்று யூபிஐயைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போக, பின்னர் கடைதோறும் க்யூஆர் அட்டை தொங்கலாயிற்று. ஆனால் அட்டைக்கு வாய் கிடையாது. வாடிக்கையாளர் போனைத் தூக்கிக் காட்ட வேண்டும், அண்ணா நிமிர்ந்து பார்க்க வேண்டும். (மும்பையில் தோசை சுடுகிறவர் எந்த ஊர்க்காரரானாலும், எந்த வயதினரானாலும் அண்ணாதான்.) அவருக்கோ ஒரு கை மாவில், மறு கை தோசைத் திருப்பியில். கூட்டத்தில் நேற்றைய ரசீதைக் காட்டி நழுவுகிறவரும், போலிச் செயலியில் பச்சை டிக் காட்டுகிறவரும் கிளம்பினார்கள். கண் செய்த வேலையைக் காதுக்கு மாற்ற ஒலிப்பெட்டி வந்தது இவ்வாறே.

வாடிக்கையாளருக்கும் கல்லாவுக்கும் இடையே ஒரு முழம்தான். பணமோ இவர் வங்கியில் கிளம்பி, கழகத்தின் கணினியைத் தொட்டு, அண்ணாவின் வங்கியை அடைந்து, பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியே சேதி அனுப்புகிறது. இத்தனை சுற்றுக்கு அந்தச் சில நொடிகள் குறைவு என்பது அறிவு. அது எதிரே நிற்கிறவருக்குத் தோன்றாது. அவரிடம் தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றுவதைக் காணலாம். ரகசிய எண்ணை அழுத்தியதும் பெருமிதம். வட்டம் சுழலச் சுழல மருட்கை. 'பணம் கழிந்தது' என்று வங்கியின் குறுஞ்செய்தி வந்தும் பெட்டி மௌனம் காத்தால் அச்சம். பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமினால் இளிவரல். "ஆயா நஹி", வரவில்லை என்று அண்ணா சொன்னால் வெகுளி. அழுகை, இரண்டு முறை அனுப்பிவிட்டவர்களுக்கு மட்டும் உரியது. நகை பின்னால் நிற்பவருடையது. பெட்டி பேசிவிட்டால் உவகை. அதுவும் தூய உவகை அல்ல: முந்நூற்று இருபது ரூபாய் என்று அது தெருவே கேட்க முழங்கும்போது, பத்தியச் சாப்பாடு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவரின் முகத்தைக் காண வேண்டும்.

2023இல் போன்பே நிறுவனம் தன் பெட்டிக்கு அமிதாப் பச்சனின் குரலைக் கொடுத்தது. இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது. பணம் கிடைத்ததா இல்லையா என்று சொல்லும் முன் எதிரே இருப்பவரை எவ்வளவு நேரம் தவிக்கவிடலாம் என்பதை 2000இலிருந்து தொலைக்காட்சியில் பயிற்சி எடுத்தவர் அவர்.

சில வேளை பெட்டி பேசவே பேசாது. அப்போது முல்லை திரிந்து பாலையாகிறது. பணம் இவரைப் பிரிந்தது, அவரைச் சேரவுமில்லை. இந்தப் பிரிவுக்குக் கால எல்லை வகுத்தவர் புலவர் அல்லர், ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பரில் அது இட்ட விதிப்படி, கடைக்குச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எந்தப் பாலைத் தலைவிக்கும் கிடைக்காத சலுகை இது.

நோட்டுக் காலத்தில் சில்லறை இல்லையென்றால் அண்ணா முகத்தைப் பார்ப்பார். தெரிந்த முகமென்றால் "கல் தே தேனா", நாளைக்குக் கொடு என்பார். தெரியாத முகமென்றால் மீதிக்குச் சாக்லேட். இப்போது அவர் நிமிர்வதேயில்லை. பெட்டி சொன்னால் தட்டு நகரும், சொல்லாவிட்டால் பத்தாண்டு வாடிக்கையும் நிற்க வேண்டியதுதான். போலி ரசீதுக்காரனைத் தடுக்க வந்த பெட்டி, நாணயமானவரையும் அவனோடு சேர்த்து ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது என்பதே இவ்வாய்வின் முடிபு. அண்ணாவைக் குறை சொல்வதற்கில்லை. ஏமாந்த தோசைக்குக் கணக்கு அவர் தலையில்தான்.

இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்புவோர் மாலை ஏழு மணிக்கு மேல் வல்லப் பாக் லேன் செல்க. நூறு ரூபாய் நோட்டுகள் சிலவற்றையும் உடன் கொண்டுசெல்க; பெட்டிக்கு சார்ஜ் போடப் பையன் மறந்துவிடும் நாட்களும் உண்டு.