சம்சாரத்தின் வெள்ளையும் மைத்துனரின் கருநீலமும்

கேள்வி: மாமல்லபுரத்தில் வீடு கட்டியிருக்கிறேன். உள்ளறைகளுக்குச் சம்சாரம் வெள்ளை என்கிறாள். மைத்துனர் கருநீலம் என்கிறார். யார் பக்கம் சேர்வது?

பதில்: சம்சாரத்தின் பக்கம் நியாயமும் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தை அறைக்கே திருப்பித் தந்துவிடும் தர்மவானாகவும், கருநீலம் பத்தில் ஒரு பங்கைத் தருவதற்கே யோசிக்கும் லோபியாகவும் இருப்பதால், ஒற்றை ஜன்னல் அறைக்கு வெள்ளையே உசிதம். உங்கள் ஊர் வராக மண்டபத்தின் இருட்டிலுங்கூட, கல் கல்லாகவே இருக்கட்டும் என்று விடாமல், முற்காலத்தார் சுதை பூசி வர்ணம் தீட்டியிருந்தார்கள். தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்தில் மட்டும், தலையெண்ணெய் வட்டம் தெரியாதிருக்க, மூன்றடிக்குக் காவி அடித்துவிடுங்கள். மைத்துனர் பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுங்கள். நாலு மழைக்காலம் போனால் கருநீலச் சுவரில் உப்புப் பூத்து, கடற்காற்றே கூலி வாங்காமல் வெள்ளையடித்துவிடும்.