செங்கல்லும் கரண்ட் போர்வையும்

கிளாஸ்கோ

அன்புள்ள அம்மாவுக்கு,

"கரண்ட்டை விரிச்சு அதுமேல படுக்கிறியாமே"ன்னு போன்ல பதறினியே, படுத்துக்கிட்டேதான் எழுதுறேன். அப்பா முழங்காலுக்குக் கரண்ட் போர்வை ஒண்ணு கேட்டாராமே, அது மட்டும் வேண்டாம். சர்க்கரையில கால் மரத்துப்போறவங்களுக்கு இது ஆகாது. சுடறதே தெரியாம தோல் வெந்துடும். கே.கே. நகர் மார்கழிக்குக் குரங்குக் குல்லா போதும்.

வேற ஹீட்டர் இல்லாம இல்ல. சுவரோரமா ஒரு பெட்டி, உள்ள செங்கல். ராத்திரி ஏழு மணி நேரம் மலிவு கரண்ட்ல செங்கல்லைச் சுட வச்சுக்கிட்டு, பகல் பூரா சூட்டை விடும். பகல்ல நான் ஆபீஸ்ல, சோபா குளிர்காயும். சாயங்காலம் நான் வந்து தொட்டா செங்கல் ஆறிப்போயிருக்கும். கேஸ்னா யூனிட் விலை கரண்ட்டுல நாலுல ஒரு பங்குதான். இந்தக் கட்டடத்துல கேஸே கிடையாது. காத்தடிக்கிற ஹீட்டர் 2000 வாட். அது ஒரு மணி நேரத்துல முழுங்குற ரெண்டு யூனிட்டை, 100 வாட் போர்வை 20 மணி நேரம் வச்சுச் சாப்பிடும். முதல் 100 யூனிட் இலவசம்கிற தர்மமெல்லாம் இங்க இல்லம்மா. பகல் யூனிட் ஒண்ணு நம்ம காசுல 25 ரூபாய்க்கு மேல.

ஆனா போர்வைக்கு இருக்கிற ஆசாரம் இருக்கே, ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரப் பாட்டியோட மடிப்புடவை தோத்துடும். நாலா மடக்கக் கூடாது. உள்ள கம்பி முறிஞ்சு ஒரே இடத்துல சூடேறித் தீப்பிடிக்கும். சுருட்டித்தான் வைக்கணும். மேல கனம் ஏத்தக் கூடாது. ஊக்கு குத்தக் கூடாது. ஈரம் படக் கூடாது. சுடுதண்ணிப் பையோட சேர்க்கவே கூடாது. கருகின தடம் தெரிஞ்சா தூக்கிப் போடணும். தெரியாட்டியும் 10 வருஷத்துல மாத்தணும். பழைய மாடல்னா அணைச்சுட்டுத்தான் கட்டில்லயே ஏறணும். சில ஊர்ல தீயணைப்புக்காரங்களும் கவுன்சில்காரங்களும் சேர்ந்து ஜனங்களோட போர்வையை இலவசமா சோதிச்சுக் கொடுக்கிறாங்க. நம்ம ஊர்ல தீயணைப்புக்காரங்க கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்குறவங்க. இங்க போர்வைக்கு நாடி பிடிக்கிறாங்க.

என்னோடது தானா அணையற ரகம், பயப்படாதே. இருந்தாலும் அப்பா புத்தி எங்க போகும்? நடுராத்திரி குளிர்ல எழுந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன். அக்னி நட்சத்திரத்துல மொட்டைமாடித் தொட்டியிலேர்ந்து குழாய்ல கொதிச்சுக்கிட்டு வருமே தண்ணி, அதை நினைச்சா நாக்கு ஊறுது.

எதிர்வீட்டு மாமி சம்பளம் கேட்டா பவுண்டுலயே சொல்லு. மூணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தூங்குறதை மட்டும் சொல்லிடாதே. பொண்ணு பார்க்கிற நேரம்.

உன் பிள்ளை