தள்ளிப்போகும் கடல்

பழைய துறைமுகமான கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போகப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. வங்கி ஓய்வூதியத் திருத்த வழக்கின் வாய்தாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாளையங்கோட்டை முன்னாள் காசாளர்களின் கண்ணெதிரிலேயே தள்ளிப்போகிறது.

1995-ஆம் ஆண்டு விதிகளின் கீழ், ஓய்வுபெற்ற அன்று நிர்ணயித்த அடிப்படைத் தொகை அப்படியே நிற்கிறது. அகவிலைப்படி மட்டும் அசைகிறது. பணியில் இருப்பவர்களுக்கோ ஐந்தாண்டுக்கொரு ஊதிய ஒப்பந்தம். ரிசர்வ் வங்கி ஓய்வூதியர்களுக்கு 2019-இலேயே திருத்தம் வந்துவிட்டது. அங்கே நேரான கணக்கு இங்கே மட்டும் ஏனோ உதைக்கிறது.

நவம்பர் வந்தால் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். வழக்கிடம் யாரும் கேட்பதில்லை.

ஓய்வூதியம் கருணையல்ல, உரிமை என்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்றே சொல்லிவிட்டது. 2024 மார்ச் ஊதிய ஒப்பந்தத்தில் இவர்களுக்குக் கிடைத்தது, மாதாமாதம் ஒரு கருணைத்தொகை.