ஓசி மெக்கானிக்

ஓசி மெக்கானிக்குக்கு விளம்பரம் தேவையில்லை. எட்டு மாதமாக மாடிப்படிக்குக் கீழே தூசி போர்த்தி நின்ற வண்டியை ஒருவர் தெருவுக்கு உருட்டிவந்து நாலு உதை உதைத்தால் போதும், கையில் காபி டம்ளரோடு எதிர்வீட்டிலிருந்து இறங்கிவிடுவார். பெரும்பாலும் அரசுப் பணியிலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் பிடித்துச் சம்பாதித்தவர் அல்ல. ஆனாலும் வண்டியை ஒரு வலம் வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, "என்ன தம்பி, ஸ்டார்ட் ஆகலையா?" என்பார். வியர்வையில் சட்டை நனைந்து நிற்கும் தம்பி என்னதான் பதில் சொல்ல முடியும்?

அடுத்த கேள்வி: "பெட்ரோல் இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்; வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சத்தம் கேட்பார்; கடைசியில் முகர்ந்து பார்ப்பார். முகர்வதில் விஷயம் இருக்கிறது. மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் முதலில் பறந்துபோகிறது. குளிர்ந்து கிடக்கும் என்ஜின் கிளம்புவதற்கு வேண்டியதும் அதுதான். மிஞ்சியதில் வார்னிஷ் வாடை அடிக்கும். "பழசை வடிச்சிட்டுப் புதுசு ஊத்து தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போயிருந்தால் தெருவே அவரைக் கும்பிட்டிருக்கும். ஆனால் சரியான இடத்தில் நிறுத்துவது அவர் சுபாவத்தில் இல்லை. "பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு. பிளக்கைக் கழட்டு" என்பார்.

பிளக்தான் அவருடைய குலதெய்வம். கழற்றியதை மூடியில் செருகி, என்ஜின்மேல் வைத்து, தம்பியை உதைக்கச் சொல்லி, "கரண்ட் வருதா பாரு" என்பார். நீலப் பொறி பளிச்சென்று வந்தாலும் திருப்தி கிடையாது, உப்புத்தாள் கேட்பார். தேய்த்த துகள் இடுக்கில் தங்கி என்ஜினுக்குள் போகலாம். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வேறு வரும். பக்கத்திலேயே பொறி தட்டுவது ஆபத்து. இதை யாராவது எடுத்துச் சொன்னால், "நாப்பது வருஷமா பண்ணிட்டிருக்கேன்" என்று வாயை அடைத்துவிடுவார்.

பிளக்கை மாட்டி, சோக்கை இழுத்துவிட்டு, மறுபடி உதை. உதைக்க உதைக்கப் பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போய்ப் பிளக் நனைந்துவிடும். "ஓவர் ஆயிடுச்சு. பத்து நிமிஷம் விடு" என்று தீர்ப்பு வரும்.

அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவர் இவ்வளவு நேரம் பாடுபட்டார். மைசூரில் தயாரான யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லிவர் என்பது, பழைய புல்லட்டில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்த பிறகு டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அமுக்கி, அப்புறம்தான் உதைக்க வேண்டும் என்பது, அவசரப்பட்டவன் காலைக் கிக்கர் திருப்பி அடித்தது, 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 வண்டி 1996இல் நின்றுபோனது எல்லாம் வரிசையாக வரும். தகவல் ஒன்றுகூடத் தப்பாக இராது. எதிரே நிற்கும் வண்டிக்கு ஒன்றுகூடப் பொருந்தாது.

2020 ஊரடங்கு இவருடைய பொற்காலம். மார்ச் 25 முதல் ஒர்க்‌ஷாப்புகள் மூடிக் கிடந்தன. வண்டிகளும் போட்டது போட்டபடி நின்றன. தளர்வு வந்ததும் வீட்டுக்கு வீடு உதைச் சத்தம். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் நின்றபடியே, ஒரே நேரத்தில் மூன்று வாசலுக்கு வைத்தியம் சொன்னார். கை எட்டாத தூரம் என்பதால் வண்டிகள் கிளம்பியும்விட்டன.

அதே ஆண்டு ஏப்ரல் 1இல் அவருக்குச் சோதனை தொடங்கியது. பிஎஸ் 6 விதி வந்து, பெரும்பாலான புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. குனிந்து தேடுவார், அந்தப் பக்கம் போய்த் தேடுவார், களவு கொடுத்தவர் குரலில் "கார்ப்பரேட்டரைக் காணோமே!" என்பார். இத்தகைய வண்டியில் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப் ஓடாது, பொறியும் வராது. சும்மா நிற்கும்போதே பேட்டரி தானாக இறங்கும். முழு சார்ஜில் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது பன்னிரண்டுக்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றுவதுதான் வழி. அவரோ, "ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளுங்கடா" என்று தெருப் பையன்களைக் கூட்டுவார். தள்ளுவது அவர்கள், மேற்பார்வை அவர். தெருக்கோடி வரை போயும் பலிக்காவிட்டால், "எல்லாம் இந்த எத்தனாலால வந்த வினை" என்பார். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதும், எத்தனால் ஈரத்தை இழுப்பதும் மெய்தான். பேட்டரி இறங்கியதற்கு அது என்ன செய்யும்?

நம் தம்பியின் கார்ப்பரேட்டர் வண்டிக்குக் கடைசியில் முனைக்கடை மெக்கானிக் வருவார். பேச்சே இராது. வலது கைப்பிடியில் உள்ள, என்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்சைப் பார்ப்பார். பாதி வழக்குகள் அங்கேயே தள்ளுபடி. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். சைலன்சர் வாயில் விரலை விட்டுக் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று தடவுவார். சீட்டைத் தூக்கி எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று நோட்டம் விடுவார். பிறகு கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் மஞ்சளாகப் பிசின் படிந்திருக்கும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. அது அடைத்துக்கொண்டால் எத்தனை உதைத்தாலும் பயனில்லை. அடைப்பை எடுத்து, ஊதி, மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றுவார். மூன்றாவது உதையில் வண்டி உறுமும்.

"நான் அப்பவே சொன்னேன்" என்பார் ஓசி மெக்கானிக். பொய்யில்லை. வண்டியில் இருக்கிற எல்லாப் பாகத்தின் பெயரையும் அவர் சொல்லியிருந்தார். கார்ப்பரேட்டரும் அவற்றில் ஒன்று.

நெடுநாள் வெளியூர் போகிறவர்கள் கார்ப்பரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, என்ஜின் தானாக நிற்கும்வரை வாசலில் ஓடவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சூடு ஆறியதும் சைலன்சர் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். டூல் கிட்டில் இருக்கும் பிளக் ஸ்பேனரை மட்டும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.